பின்தங்கிய புழுக்களுக்குப் போட்ட தளிர்

அன்னூர்ப் பக்கம் பன்னிரண்டு வருஷம் பட்டுப்புழு வளர்த்த கை தம்பிதுரையினுடையது. கூட்டத்தில் பின்தங்கும் புழுக்களைப் பொறுக்கித் தனித்தட்டில் விட்டுத் தளிர் இலையாகக் கிள்ளிப் போடுவார். நாலைந்து நாளில் அவை மற்றதோடு சேர்ந்துகொள்ளும். ஒரு பருவத்தில், பக்கத்துத் தோட்டத்தில் அடித்த மருந்து காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்துவிட்டது. ரெண்டே நாளில் கொட்டகை முழுக்கப் புழுக்கள் நீர் கக்கிச் செத்தன. அதோடு அந்தத் தொழில் முடிந்துபோனது.

ஐம்பது வயசுக்கு மேல் கோயமுத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தினக்கூலிக்குச் சேர்ந்தார். பழ ஈக்களுக்குச் சமைக்கிற வேலை. மக்காச்சோள மாவு, நாட்டுச்சர்க்கரை, ஈஸ்ட் எல்லாம் போட்டுக் கூழ் காய்ச்சி, சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றிப் பஞ்சு அடைக்க வேண்டும். ஊட்டில் ஒரு நாளும் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுசன் ஈக்கு மட்டும் ஆக்கிப் போடுகிறாரே என்று அவர் சம்சாரம் சென்னியம்மாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அங்கே முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள் லோகப்பிரியா. சத்தியமங்கலம் பக்கத்துப் பெண். அவள் ஊட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அது என்ன ஆராய்ச்சி என்று அவர் கேட்டபோது பொறுமையாகவே சொன்னாள். உடம்புக்குள் வேலை முடிந்த புரதத்தின் மேல் ஒரு சீட்டு ஒட்டப்படும். அதற்கு யுபிக்விட்டின் என்று பேர். சீட்டு ஒட்டியதை உடம்பு அரைத்துப் போட்டுவிடும். சீட்டை மட்டும் கழற்றி அடுத்ததற்கு வைத்துக்கொள்ளும். சீட்டு பத்தாவிட்டால் பழசு தேங்கும், மிஞ்சினால் நல்லதும் அரைபடும். அடையாளத்துக்கு மஞ்சள் ஒட்டுப் போட்ட குப்பிகளில் இருக்கிற ஈக்களுக்குப் பிறவியிலேயே சீட்டு பத்தாது. கூட்டுக்குள் பழைய புழு உடம்பு கரைந்தால்தான் ஈக்கு உடம்பு கூடும். இவற்றுக்கு அது சரியாகக் கரையாது. கூட்டுக்குள்ளேயே செத்துப்போகும் என்பதுதான் அவள் எதிர்பார்த்தது.

ஆனால் நூற்றுக்கு இருபது வெளியே வந்தன. மூணு தடவை பார்த்தும் அதே இருபது. சீட்டு குறைந்தாலும் உடம்பு வேறு வழியில் சமாளிக்கிறது என்று அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர் சீனிவாசலு பூரித்துப்போனார். வெளியூர்க் கூட்டத்தில் மேடையேறிச் சொல்லியும்விட்டார்.

கட்டுரையை இதழுக்கு அனுப்புமுன் கடைசியாக ஒரு தடவை பார்க்கச் சொன்னார். அந்த மாசம் தம்பிதுரை டைபாய்டில் படுத்துவிட, கூழை வேறொரு ஆள் காய்ச்சினார். இருபத்தைந்து நாள் கழித்து வந்தால், மஞ்சள் ஒட்டுக் குப்பி ஒன்றிலும் ஒரு ஈகூட இல்லை. கூடுகளெல்லாம் கறுத்துக் கிடந்தன.

பேராசிரியர் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சீனிவாசலு குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"அந்த இருபது எங்கிருந்தும்மா வந்துச்சு? எண்ணுனியா, எழுதுனியா?"

"எண்ணுனேன் சார்."

திங்கட்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் பொய்க்கணக்கு என்று மேலே எழுதிவிடுவேன் என்றார். எழுதினால் பட்டம் போகும், பேரும் போகும்.

வாளியோடு வெளியே நின்ற தம்பிதுரை எல்லாவற்றையும் கேட்டார். அந்த இருபது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். சொன்னால் இந்த வேலையும் போகும். இந்த வயசில் இனி வாட்ச்மேன் வேலைகூடக் கிடைப்பது கஷ்டம். ராத்திரி சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். காய்ச்சல் விட்டுப் போகவில்லையோ என்று சென்னியம்மாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

காலையில் லோகப்பிரியா பழைய நோட்டுகளைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க அம்மணி, மஞ்ச ஒட்டுக் குப்பிக்கெல்லாம் நாந்தான் ஈஸ்ட்டக் குழச்சு ஒரு சொட்டு சேத்திப் போட்டுட்டு வந்தேனுங்க."

அவள் நிமிர்ந்தாள். "எத்தன நாளாங்ணா?"

"தை மாசத்துல இருந்துங்க."

"எதுக்கு?"

"மத்ததெல்லாம் பெருத்துப்போச்சு. அதுக மட்டும் பின்தங்குச்சுங்களே. கொட்டாயில அப்படித்தானுங்க செய்வோம்."

லோகப்பிரியா சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் அது வேறு மாதிரி ஆகி, முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டாள்.

அவளுடன் போய்ப் பேராசிரியரிடமும் அதையே சொன்னார். சீனிவாசலு நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பொய் என்று சொன்னதற்கு அவளிடம் வருத்தம் தெரிவித்தார். ஆனால் தையிலிருந்து எடுத்த எண்ணிக்கை ஒன்றும் செல்லாது. அவளுக்கு உதவித்தொகை இன்னும் மூணு மாசம்தான். முதலிலிருந்து தொடங்க அது காணாது. தம்பிதுரையிடம், திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

போவதற்கு முன்னால் முடிக்க ஒரு வேலை இருந்தது. அவர் கூழில் பிழைத்து வந்த வம்சத்தின் குப்பிகளையெல்லாம் உறைபெட்டியில் வைத்துக் கொல்ல வேண்டும். லோகப்பிரியா கதவைத் திறந்து பிடித்துக்கொள்ள, அவர் தட்டுத் தட்டாக உள்ளே அடுக்கினார். ஒரு குப்பியில் ஒரு ஈ கூட்டைப் பாதி கிழித்து வந்திருந்தது. றெக்கை இன்னும் விரியவில்லை. முன்கால் ரெண்டும் கண்ணாடியைப் பிறாண்டின.

"இத எண்ணோணுங்களா அம்மணி?"

"வேண்டாங்ணா. வெச்சுருங்க."

வைத்தார். அவள் கதவைச் சாத்தினாள்.