சூட்டுக்கு நாலு விரல் தள்ளி

கார் வயர் வேலை செய்யிறவனுக்கு முதல் ஆயுதம் மூக்கு. பொனற்றைத் திறக்க முந்தியே பிளாஸ்ரிக் கருகின மணம் வந்திட்டுதெண்டால், மிச்சத்தைக் கஸ்ரமர் சொல்லத் தேவையில்லை. பழைய கார் வைச்சிருந்து, காலமையில சாவியைத் திருப்பி, ஒருக்கா, இந்த ஒருக்கா மட்டும் ஸ்ராட் வந்திடு எண்டு அதைக் கெஞ்சின ஆக்களுக்குத்தான் இதை எழுதிறன். புதுக் கார்க்காரரும் வாசிக்கலாம், ஆனால் விளங்காது.

தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி. கனடாவில, ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஸ்காபரோவில சேவியர் அண்ணையின்ர கராஜில எனக்கு வேலை. அவர் மன்னார் ஆள். எஞ்சின், பிரேக் எல்லாம் அவர் பாப்பார், வயர் எண்டால் நான். அந்த நாளையில எங்கட பெடியளுக்குக் காருக்கு ஹெடர் பூட்டுற விசர் பிடிச்சிருந்தது. எஞ்சினிலயிருந்து புகையை வெளியில கொண்டுபோறதுக்குக் கொம்பனி ஒரு தடிச்ச இரும்புக் குழாயும், அதுக்கு மேல ஒரு தகர மூடியும் போட்டிருக்கும். இவங்கள் அதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, மினுங்கிற மெல்லிய குழாய் நாலைப் பூட்டுவாங்கள். அதுதான் ஹெடர். கார் கொஞ்சம் பறக்கும், ஓம். ஆனால் அந்தக் குழாய் அடுப்பு மாதிரிச் சுடும். பக்கத்தில போற வயரெல்லாம் வேகும். பெடியன் பிறகு காரை வித்துப்போட்டுப் போயிடுவான், வாங்கின மனுசன் எங்களிட்ட வருவார்.

அப்பிடி வந்தவர்தான் குணம்.

அலுமினியத் தாள்

குணத்துக்கு மல்வேர்னில ஒரு பேஸ்மென்ற் அறை, விட்பியில ஒரு பிளாஸ்ரிக் பக்ரறியில வேலை. பஸ் மாறி மாறிப் போனாலும் காலமை ஷிப்ற்றுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரேலாது. கார் நிண்டால் வேலையும் நிண்ட மாதிரித்தான். கொழும்பில மனுசியும் மகளும். மனுசி வயித்தில பிள்ளையோட இருக்கேக்க வெளிக்கிட்டவர். மகளுக்கு இப்ப ஆறு வயசு, இன்னும் நேரில முகம் பாக்கேல்லை. ரெண்டு பேரையும் இஞ்ச கூப்பிட ஸ்பொன்சர் பண்ணிப் பேப்பர் போட்டிருந்தார். நிரந்தர வேலை எண்டு பக்ரறி கடிதம் குடுத்தபடியாத்தான் அது நகர்ந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே ரெண்டு தரம் கார் நிண்டு பிந்திப் போயிருக்கிறார். மூண்டாந்தரமும் பிந்தினால் வேலை இல்லை எண்டு எழுத்தில குடுத்திட்டினம். இவ்வளவையும் அவர் முதல் நாளே, ட்ரக்கில ஏத்திக்கொண்டு வந்து இறக்கின காருக்குப் பக்கத்தில நிண்டு எனக்குச் சொன்னவர்.

பொனற்றைத் திறந்தால் வயர்க்கட்டு முழுக்கக் குசினி அலுமினியத் தாள், அதுக்கு மேல ஒட்டுற கறுப்பு ரேப். ரேப் உருகி ஒழுகி, தாள் ஹெடரோட ஒட்டிப்போய்க் கிடந்தது. எனக்குக் கோபம் வந்திட்டுது. ஆர் உந்த வேலை பாத்தது எண்டு கேட்டன். தானாம். ஞாயிற்றுக்கிழமைகளில அறைக்காரரோட சேர்ந்து மீனை அவணில வைச்சுப் பேக் பண்ணிறவையாம். தாள் சுத்தினால் மீன் கருகாது, அப்ப வயரும் கருகாதுதானே எண்டு யோசிச்சிருக்கிறார். மீன் கருகாதுதான் குணம், ஆனால் உள்ளுக்க அவியுமெல்லோ எண்டன். மனுசன் ஹெடரில ஒட்டின தாளில ஒரு துண்டை உரிச்சுப் பாத்தார். பிறகு மெல்லமாச் சொன்னார்: "அப்ப அண்ணை, ரெண்டு கிழமையா நான் வயரை அவிச்சு அவிச்சு வேலைக்குப் போயிருக்கிறன்."

மஞ்சள் துணி

உதுக்குச் சரியான மருந்து பழைய இரும்பைத் திருப்பிப் பூட்டுறதுதான். பழைய கார் உடைக்கிற யாட் எல்லாம் கேட்டுப் பாத்தம், அந்த மொடலுக்குக் கிடைக்கேல்லை. அதால புது வயர் போட்டு, சூடு தாங்கிற வெள்ளி உறை மாட்டி, ஹெடரிலயிருந்து நாலு விரல் தள்ளி, இரும்புக் கிளிப்பால இறுக்கி விட்டன். எங்கட வேலையில நாலு விரல் இடைவெளிதான் பெரிய விசயம். எவ்வளவு நல்ல உறை எண்டாலும், தொட்டுக்கொண்டு கிடந்தால் ஒருநாள் வெந்திடும்.

மூண்டு கிழமையால குணம் திரும்பி வந்தார். கார் நிக்கேல்லை, ஆனால் மணக்குது எண்டார். திறந்து பாத்தால் என்ர கிளிப்பைக் காணேல்லை. அந்த இடத்தில, மஞ்சள் துணியில காசு முடிஞ்ச ஒரு நேர்த்தி முடிச்சுத் தொங்குது. காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்துபோட்டு, மனுசியும் பிள்ளையும் வந்து சேரவேணும் எண்டு நேர்ந்திருக்கிறார். காரில எது அடிக்கடி கெடுதோ அதுக்குத்தான் காவல் வேணுமெண்டு, அந்த முடிச்சை வயரிலயே கட்டியிருக்கிறார். கிளிப் இடைஞ்சலா இருந்ததாம், கழட்டிக் கவனமாப் பேப்பரில சுத்தி வைச்சிருந்தார். துணி இளகி, காசின்ர பாரத்தில வயர்க்கட்டு ரெண்டு விரல் கீழ இறங்கியிருந்தது. துணியின்ர ஒரு கரை கருகத் தொடங்கியிட்டுது.

நான் கத்தரிக்கோலை எடுத்தன். குணம் என்ர கையைப் பிடிச்சிட்டார். நேர்த்தி நிறைவேற முந்தி வெட்டக்கூடாது எண்டார். வெட்டாட்டில் கார் எரியும், வெட்டினால் இந்த மனுசன் உடைஞ்சு போயிடுவார். சேவியர் அண்ணை பாத்துக்கொண்டு நிண்டவர், உள்ள போய் கிறீஸ் கையை ரெண்டு தரம் சோப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். காசு முடிச்சில கை வைக்காமல், வயரைச் சுத்தின சுருக்கை மட்டும் நகத்தால இளக்கி எடுத்து, காருக்குள்ள முன்னுக்குத் தொங்கிற, பின்பக்கம் பாக்கிற கண்ணாடியில கட்டிவிட்டார். நான் கிளிப்பைத் திருப்பி இறுக்கேக்க அவர் சொன்னார்: "சாமி முன்னுக்கு இருந்து றோட்டைப் பாக்கட்டும் குணம், எஞ்சினுக்குள்ள நாங்கள் நிக்கிறம்."

என்ர பிழை

இதை எழுத எனக்கு இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு. மாசி மாசம், கடுங்குளிர். பற்றறி பாக்கவெண்டு குணம் வந்த நேரம் அந்தக் கிளிப் துருப்பிடிச்சு உடைஞ்சு கிடந்தது. கையில வேற கிளிப் இல்லை. இப்போதைக்கெண்டு வயர் கட்டிற பிளாஸ்ரிக் ரை ஒண்டால இறுக்கிவிட்டு, நாளைக்கு வாரும், மாத்துவம் எண்டன். அடுத்தநாள் சரியான ஸ்னோ. அவரும் வரேல்லை, நானும் கூப்பிடேல்லை. வெளியில என்ன குளிர் எண்டாலும் ஹெடர் ஹெடர்தான். ஐஞ்சாம் நாள் காலமை, கராஜைத் திறந்த கையோட போன் அடிச்சது. 401 ஹைவேயால இறங்கிற இடத்தில கார் நிண்டுபோச்சு, பக்கத்துப் பெற்றோல் ஸ்ரேசனில இருந்து கதைக்கிறன் எண்டார் குணம். அழுகிறாரோ குளிரில நடுங்கிறாரோ எண்டு எனக்கு விளங்கேல்லை.

சேவியர் அண்ணையின்ர வானை எடுத்துக்கொண்டு ஓடினன். பொனற்றைத் தூக்கினால் நான் போட்ட ரை உருகிப்போய், வயர் ஹெடருக்கு மேல கிடக்குது. எரிஞ்ச துண்டை வெட்டிப் பொக்கற்றுக்குள்ள போட்டுக்கொண்டு, குணத்தை ஏத்தி விட்பிக்கு விட்டன். பக்ரறி வாசலில சுப்பவைசர் நிண்டா, வயசான வெள்ளைக்காரி. என்ர இங்கிலீசு அப்ப அரைகுறை. அவவுக்குப் பின்னால ஒவ்வீசுக்குள்ள போய், வயரை எடுத்து அவவின்ர மேசையில வைச்சன். இரும்பு போடவேண்டிய இடத்தில பிளாஸ்ரிக் போட்டது நான், இவரில பிழை இல்லை, கடிதம் எழுதிறதெண்டால் எனக்கு எழுதுங்கோ எண்டு சொன்னன். குணம் எனக்குப் பின்னால தொப்பியைக் கையில பிடிச்சுக்கொண்டு, தலையைக் குனிஞ்சபடி நிண்டார். அவ வயரைத் தூக்கி மணந்து பாத்தா. பிறகு அவ இங்கிலீசில சொன்னதைத் தமிழில சொன்னால் இதுதான்: "என்ர காரும் போன கிழமை உப்பிடித்தான் றோட்டில நிண்டது, அவர் போய் வேலையைத் தொடங்கட்டும், நீங்கள் உந்த வயரை இஞ்ச விட்டிட்டுப் போங்கோ, மேல கேட்டால் நான் காட்டுறன்."

பின் சீற்

ஆனியில விசா வந்தது. குணம் லட்டுப் பெட்டியோட வந்து, வாற ஞாயிறு பிளேன் இறங்குது எண்டார். நல்லகாலம், அந்தக் கிழமை ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு யாட்டில அதே மொடல் கார் ஒண்டு அடிபட்டு வந்து கிடந்தது. சேவியர் அண்ணை தானே போய் இரும்புக் குழாயையும் தகர மூடியையும் கழட்டிக்கொண்டு வந்தார். சனிக்கிழமை முழுக்க நாங்கள் ரெண்டு பேருமா ஹெடரைக் கழட்டி, இரும்பைப் பூட்டி, வயரைக் கொம்பனி விட்ட பாதையிலயே திருப்பி விட்டம். ஸ்ராட் பண்ணினால் சத்தமே இல்லை. ஹெடர் போட்டு உறுமின காருக்குள்ள இருந்து ஆரும் கதைச்சதில்லை, கத்தினதுதான். எஞ்சின் உண்மையில ஓடுதோ எண்டு குணம் ரெண்டு தரம் இறங்கிப் பாத்தார்.

ஒரு கிழமை கழிச்சு மூண்டு பேருமா கராஜுக்கு வந்திச்சினம். மனுசி வசந்தி, மகள் அபி. குணத்தின்ர முகம் சந்தோசமாத்தான் இருந்தது, ஆனால் பிள்ளை அவருக்குக் கிட்ட நிக்கேல்லை. தாயின்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. வசந்திதான் நடந்ததைச் சொன்னா. ஏயார்போட்டில குணம் கையை நீட்ட, பிள்ளை தாய்க்குப் பின்னால ஒளிச்சிட்டுதாம். அப்பா எண்டால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில வாற குரல். இந்த மீசைக்காரர் ஆர் எண்டு தாயைக் கேட்டிருக்கு. குணம் சூட்கேசுகளை ஏத்திப்போட்டுக் காரை எடுத்திருக்கிறார். பின் சீற்றில தாயும் பிள்ளையும். கார் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததாம். பிறகு குணம், திரும்பிப் பாக்காமல், றோட்டைப் பாத்தபடியே, ஒவ்வொரு ஞாயிறும் கேக்கிற கேள்வியைக் கேட்டிருக்கிறார், அபிக்குட்டி இண்டைக்கு என்ன சாப்பிட்டது எண்டு. பிறகு பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பிளேனில சாப்பிடத் தந்த பணிசைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, மல்வேர்ன் வரும் மட்டும் வாய் ஓயேல்லையாம்.

நான் குந்தியிருந்து, இப்ப அப்பாவைத் தெரியுமோ எண்டு பிள்ளையைக் கேட்டன். அவள் குணத்தை ஒருக்காப் பாத்துப்போட்டு, என்ர காதுக்குக் கிட்ட வந்து சொன்னாள்: "மாமா, கண்ணை மூடினால் அப்பா, திறந்தால் வேற ஆரோ, இப்ப கொஞ்சம் கொஞ்சமாத் திறந்து பழகிறன்."

இத்தனை வருசம் வயர் வேலை செய்தும் ஒரு கார் சத்தமில்லாமல் ஓடினதுக்காக நான் அழுதது அந்த ஒருக்காத்தான், அதையும் பிரேக் கிளீனர் கண்ணில பட்டிட்டுது எண்டு நான் சொல்ல, சேவியர் அண்ணை நம்பின மாதிரிக் காட்டிக்கொண்டார்.