இரண்டாவது மணி

ஒன்பது வயதில் நான் ஒரு தாடிக்காரரைச் சாகவிடாமல் தடுத்தேன். அவர் செத்து ஏறக்குறைய நூறு வருடமாகியிருந்தது என்பது வேறு கதை.

அப்போது நாங்கள் ஊரைவிட்டு அகதிகளாக வந்து ஈஸ்ட் ஹாமில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் இருந்தோம். அப்பா பெற்றோல் நிலையத்தில் இரண்டு ஷிப்ட் செய்வார். மிச்ச நேரமெல்லாம் எங்கள் சனத்துக்கு ஒரு நாடு வேண்டுமென்ற கூட்டமும் துண்டுப் பிரசுரமும்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டிக்கு மற்றப் பிள்ளைகள் தாய்மொழியைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் பாடமாக்க, எனக்கு அப்பா யூதர்களுக்கு ஒரு நாடு வேண்டுமென்று ஆரம்பத்தில் அலைந்த வியன்னாப் பத்திரிகையாளர் ஒருவரைப் பற்றி எழுதித் தந்தார். பெயர் என் நாக்கில் புரளவில்லை. எங்கள் வீட்டில் அவர் தாடிக்காரர்தான்.

நாடகம் எழுதியவர், பிறகு அரசர்களின் வாசலில் காத்துக் கிடந்தவர், ஓய்வில்லாமல் ஓடி இதயம் பழுதாகி நாற்பத்துநாலு வயதில் இறந்தவர். பேச்சின் கடைசிப் பந்தியில் அவருடைய விருப்பம் இருந்தது: இப்போதைக்கு இங்கே புதையுங்கள், காலம் வரும்போது என் சனம் என்னை எங்கள் மண்ணுக்குக் கொண்டுபோகட்டும். அப்படியே பிற்காலத்தில் கொண்டுபோனார்கள்.

அம்மாவின் தம்பி படித்துவிட்டு, அந்த மண்ணில் முதலே இருந்த சனத்துக்கு என்ன நடந்தது என்பதையும் எழுதலாமே அத்தான் என்றார். மூன்று நிமிடத்துக்குள் அதெல்லாம் அடங்காது என்று அப்பா கடதாசியை மடித்துவிட்டார்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு அப்பாவுக்கு நெஞ்சு நோகிறதென்று டொக்டரிடம் போனோம். வழக்கம்போல மொழிபெயர்ப்பாளர் நான். வயது கேட்டார். வருகிற மாதம் நாற்பத்துநாலு என்று அப்பா சொன்னதை இங்கிலீஷில் திருப்பிச் சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. இதயம், ஓய்வு, நாடு, நாற்பத்துநாலு. எல்லாமே அந்தக் கடதாசியில் இருந்தன. கெட்டதை வாயால் சொன்னால் பலித்துவிடும் என்பது அம்மாவின் சட்டம். நானோ அதை இருபது தரம் உரத்துச் சொல்லிப் பழகியிருந்தேன். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா படியேறும் சத்தம் இடையில் நின்றால் என் மூச்சும் நின்றது.

போட்டியில் எச்சரிக்கைக்கு ஒரு மணி அடிப்பார்கள். இரண்டாவது மணி அடித்தால் இறங்கிவிட வேண்டும். முதல் மணி அடித்தபோது தாடிக்காரருக்கு நெஞ்சுவலி தொடங்கியிருந்தது. நான் நிறுத்தினேன். பிறகு அவருடைய இளமைக்காலத்துக்குத் திரும்பிப் போனேன். அவரை மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன், நாடகம் எழுத வைத்தேன். முன்வரிசையில் அப்பா கடைசிப் பந்தியை உதட்டசைவால் எடுத்துத் தந்துகொண்டேயிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. மணியடிக்கிற ரீச்சரின் கையையே பார்த்தேன். இரண்டாவது மணி அடித்தது. தாடிக்காரர் உயிரோடு இருந்தார்.

பிள்ளை மறந்துபோனது என்று சபை இரக்கப்பட்டுக் கைதட்டியது.

பஸ்ஸில் அப்பா மெதுவாகச் சொன்னார்: "மற்றதெல்லாம் சபைக்கு எழுதினது, பிள்ளை. கடைசிப் பந்தி உனக்கு எழுதினது."

கோப்பை கிடைக்காத கவலை என்று நினைத்து, அடுத்த வருடம் எடுத்துத் தருகிறேன் என்றேன். அவர் என் தலையைத் தடவினார்.

அப்பா நாற்பத்துநாலைத் தாண்டினார். என்னால்தான் என்று வெகுநாள் நம்பினேன். அவருடைய அகதி வழக்கு முடிந்து கடவுச்சீட்டு வந்த பிறகும் ஏனோ அவர் ஊருக்குப் போகவேயில்லை. போன வருடம் அவருடைய தகனம் முடிந்ததும், சாம்பலை என்ன செய்யப் போகிறீர்கள் என்று அங்கிருந்தவர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். அந்தக் கடைசிப் பந்தி முழுதும் ஒரு சொல் பிசகாமல் எனக்கு ஞாபகம் வந்தது.

ஒன்பது வயதில் நான் அதைச் சரித்திரம் என்று நினைத்துப் பாடமாக்கியிருந்தேன்.