குளியலறையில் மாட்டிக்கொண்ட பகல்

மூன்று வருடங்களுக்கு முன், மழை விட்டிருந்த ஒரு செப்டம்பர் மாதம், பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் நடந்தது இது. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். திருப்பூர், சூரத், கோவா, ஹைதராபாத் என்று சுற்றிவிட்டு, பெங்களூருக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஆடுகோடிப் பகுதியில் ஒரு மேஸ்திரியிடம் டைல்ஸ், குழாய் வேலை. எந்த ஊரிலும் நான் ஒரு வருடத்தைத் தாண்டியதில்லை. வைத்த குழாய் ஒழுகியதா, ஒட்டிய டைல்ஸ் பெயர்ந்ததா என்று திரும்பிப் போய்ப் பார்த்ததும் இல்லை.

அந்த வீட்டில் வயதான கணவனும் மனைவியும் மட்டும்தான். ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து வலது காலும் கையும் பலமிழந்திருந்தன. குளியலறையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழைய தொட்டி. அதைத் தாண்ட அவரால் முடியவில்லை. அதனால் கதவைத் திறந்து போட்டு, வாசலருகே நாற்காலியில் உட்கார வைத்து அந்த அம்மாதான் குளிப்பாட்டினார்.

"மூணு மாசமாச்சு தம்பி. கண்ண மூடிட்டு உக்காந்திருப்பாரு. ஒரு வார்த்த பேச மாட்டாரு" என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். ஐயா கேட்டது ஒன்றே ஒன்றுதான். கதவைச் சாத்திக்கொண்டு, தானே குளிக்க வேண்டும்.

தொட்டியை உடைத்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் ஷவர் ட்ரே பதிக்க வேண்டும். நின்று குளிப்பதற்காகத் தரையில் பதிக்கும் தாழ்வான தட்டு அது. கல்தூள் சேர்த்து வார்த்தது. ஒரு ஆளைத் தூக்குகிற கனம். அறையோ, இரண்டு கையையும் நீட்டினால் சுவர் இடிக்கும் அளவுக்குக் குறுகல். அளவெடுத்தது நான்தான். அறையின் நீளம், அகலம், வாசலின் அகலம், சாக்கடைக் குழாய் இருக்கும் இடம், எல்லாவற்றையும் ஒரு நூல் பிசகாமல் எழுதி வைத்தேன்.

காலை பதினொரு மணிக்குக் கலவை போட்டோம். நானும் மேஸ்திரியும் ட்ரேயை நிறுத்தினாற்போல் பழைய போர்வையில் சுற்றி உள்ளே நகர்த்தினோம். கதவைச் சாத்தினால்தான் அதைப் படுக்க வைக்க இடம். சாத்தினோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரல் நசுங்காமல், கலவைமேல் மெல்ல இறக்கினோம். மட்டம் பார்த்தோம். ரசமட்டத்தில் குமிழி அசையாமல் நடுவில் நின்றது. இருவரும் சிரித்துக்கொண்டோம்.

அப்புறம்தான் கதவைப் பார்த்தோம். அது உள்பக்கம் திறக்கும் கதவு. ட்ரேயின் விளிம்பு தரையிலிருந்து இரண்டு விரல் உயரம். கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான். இழுத்தால் விளிம்பில் இடித்து நின்றுவிடும். நாங்கள் ட்ரேக்கு அந்தப் பக்கம், கக்கூஸ் மூலையில் நின்றுகொண்டிருந்தோம்.

"அளவெடுத்த மகராசன் யாரு?" என்றார் மேஸ்திரி.

"நான்தான்."

"கதவுன்னு ஒண்ண உன் வாழ்க்கையில பாத்திருக்கியா குரு?"

அவர் கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அது உண்மை. நான் குளித்ததெல்லாம் தகர ஷெட்டுக்குப் பின்னால், சாக்குத் தொங்கிய இடங்களில். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

கீல்கள் உள்பக்கம்தான் இருந்தன. ஆனால் துருப்பிடித்துப் பெயிண்டில் மூடிக் கிடந்தன. ட்ரேமேல் ஏறி நின்று தட்டினால்தான் கழலும். "மிதிச்சுட்டுப் போய் தட்டிடலாம். ஒரு நூல் இறங்கும், அவ்ளோதானே? சுத்தி வெள்ள சிமெண்ட் பூசிட்டா யாருக்குத் தெரியும்?" என்றார் மேஸ்திரி.

வேறெந்த ஊராக இருந்தாலும் முதலில் மிதித்திருப்பவன் நான். அன்றைக்கு என்னவோ கால் வரவில்லை. "ஒரு பக்கம் இறங்குனா ட்ரே ஆடும் மேஸ்திரி. அவரு ஒத்தக் கால நம்பி நிக்கறவரு" என்றேன்.

மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்தார். "அப்போ இங்கயே குடித்தனம் பண்ணலாம்னு சொல்றே" என்று கக்கூஸ் மூடியின்மேல் உட்கார்ந்துவிட்டார். நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். கலவை ஓரளவு இறுக நாலு மணி நேரமாவது ஆகும்.

வெளியே விஷயம் தெரிந்ததும் அம்மா பதறினார். ஐயா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, குழறிக் குழறிச் சொன்னார்: "நான் மூணு மாசமா மாட்டிட்டிருக்கேன். நீங்க ஒரு மத்தியானம் இருந்து பாருங்க." கூடவே சிரிப்பும் கேட்டது. அவர் சிரித்து ரொம்ப நாளாயிற்று என்று அம்மா சொன்னார்.

மேஸ்திரியின் மனைவி போன் செய்தார். அந்தச் சின்ன அறையில் அவர் பேசியது எனக்கும் கேட்டது. "பாத்ரூம் வேலன்னு போயி பாத்ரூம்லயே தங்கிட்டியா?" அடுத்து மகள் கூப்பிட்டாள். பிறகு மறுபடி மனைவி, சாப்பாடு எடுத்து வைக்கவா என்று. மேஸ்திரி சலித்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். என் போன் சட்டைப்பையில் இருந்தது. முழு சார்ஜ்.

அம்மா வெளியே துணி துவைக்கும் கல்லில் ஏறி நின்று, வென்டிலேட்டர் கண்ணாடிகளை உருவிவிட்டு டிபன் டப்பாக்களை நீட்டினார். "நீயும் வீட்ல சொல்லிடு தம்பி, தேடுவாங்க."

"தேட ஆளில்லம்மா."

அம்மா இன்னொரு டப்பாவை நீட்டினார். பிறகு, "முட்ட சாப்பிடுவியா?" என்று கேட்டார்.

அந்த நாலு மணி நேரமும் ஒரு வீட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். குக்கர் விசில். ரசத்தில் உப்பு தூக்கல் என்று ஐயா குறை சொன்னது, உங்க நாக்குதான் சரியில்ல என்று அம்மா திருப்பிக் கொடுத்தது. மாத்திரைப் பட்டை கிழியும் சத்தம். சின்னச் சின்ன சத்தங்கள்தான். வேலைக்குப் போன எத்தனையோ வீடுகளில் இவையெல்லாம் இருந்திருக்கும். நான் உட்கார்ந்து கேட்டதில்லை.

நாலு மணிக்குப் பலகை ஒன்றை வென்டிலேட்டர் வழியாக வாங்கி ட்ரேமேல் போட்டு, மெல்ல மண்டியிட்டு, கீல்களைச் சுரண்டித் தட்டிக் கழற்றினோம். கதவை உள்ளே சாய்த்து வெளியே கொண்டுபோய், அடியில் இரண்டு விரல் அறுத்துத் திரும்ப மாட்டினோம்.

மூன்றாம் நாள் ஷவரும் கைப்பிடிக் கம்பியும் பொருத்தினேன். ஐயா கம்பியைப் பிடித்து ட்ரேமேல் ஏறினார். கைத்தடியால் தட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. என்னை வெளியே போகச் சொன்னார். அம்மாவையும்தான். கதவு மூடியது. இடது கையால் தடவித் தடவி, கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாளைப் போட்டார். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

அம்மா கதவில் கை வைத்தபடி நின்றிருந்தார். "என்ன இவ்ளோ நேரம்? இருக்கீங்களா?"

"குளிக்க விடுடி!" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மங்களூர் போனேன், புனே போனேன். இப்போது வேறு ஊர். இங்கே வாடகை அறையில் தகரக் கதவு ஒன்று இருக்கிறது. அது வெளிப்பக்கம் திறக்கும். தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கும்போது, வெளியே யாராவது நின்று "என்ன இவ்ளோ நேரம்" என்று கேட்டுவிட மாட்டார்களா என்று, ஒவ்வொரு சொம்புத் தண்ணீரையும் கொஞ்சம் மெதுவாகவே ஊற்றிக்கொள்கிறேன்.