வாணி அனுப்பிய பிடிஎஃப்

கலைவாணி இறந்துவிட்டாள். நேற்று காலை, காங்கேயத்தில், அவள் வீட்டில்.

எங்கள் எம்.எஸ்சி. டெக்ஸ்டைல் பேட்ச்சில் எல்லோருக்கும் அவள் வாணி. குரூப்பில் செய்தியைப் பார்த்ததும் யாரோ தவறாகப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்...

இந்தப் பதிவோடு போட ஒரு நல்ல போட்டோ தேடி, அவளும் நானும் பேசிய சாட்டை மேலே மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஒரு போட்டோகூட இல்லை. எல்லாம் பிடிஎஃப்.

"வாணி, இந்த பேப்பர் வேணும்." லிங்க். பிடிஎஃப். "தேங்க்ஸ் டி." மறுபடியும் லிங்க்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பாடம் எடுக்கும் காலேஜில் ரிசர்ச் டேட்டாபேஸ் எதுவும் வாங்குவதில்லை. கட்டுரையின் தலைப்பு தெரியும், அதற்கு மேல் உள்ளே விடாது. வாணி பிஎச்.டி. செய்துகொண்டிருந்த யுனிவர்சிட்டி லாகினில் எல்லாம் திறக்கும். பார்ட் டைமில் பிஎச்.டி. செய்யும் எங்கள் கூட்டத்துக்கே அவள்தான் லைப்ரரி.

படிக்கிற காலத்தில் இரண்டு பேருக்கும் தேடவே தெரியாது. பனியன் துணி துவைத்தால் ஏன் சுருங்குகிறது என்று பார்க்க, லைப்ரரி கம்ப்யூட்டரில் 'ஷ்ரிங்கேஜ்' என்று மட்டும் அடித்தேன். கான்கிரீட் சுருங்குவது, மூளை சுருங்குவது என்று வந்து கொட்டியது.

"புள்ள, இது நம்ம மூளையத்தான் சொல்லுது" என்று வாணி சிரித்த சிரிப்பில் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் அவள் விடாமல் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். எந்தச் சொல்லோடு எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது, ஒரு கட்டுரையின் கடைசியில் இருக்கும் ரெஃபரன்ஸைப் பிடித்து அடுத்த கட்டுரைக்குப் போவது... நான் கற்றுக்கொள்ளவில்லை. வாணிதான் இருக்கிறாளே.

போன மாதம் என் பிஎச்.டி. ரிவ்யூவுக்காக நான் ஒரு பேப்பர் கேட்டிருக்கிறேன். "கொஞ்சம் ஒடம்பு முடியல புள்ள. சாயங்காலம் அனுப்பட்டுமா?" என்று அவள் பதில். அதற்குக் கீழே நான்: "ஓகே டி, மறந்துடாத." கூடவே ஒரு கும்பிடு ஸ்மைலி.

உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றக்கூட இல்லை.

சொன்னபடி சாயங்காலம் பிடிஎஃப் வந்துவிட்டது. கூடவே ஒரு வரி: "கடைசி ரெண்டு பக்கம் மட்டும் படி புள்ள, மீதி உனக்கு வேண்டாம்." எனக்காக முழுதும் படித்திருக்கிறாள்.

நேற்று எனக்கு எக்ஸாம் டியூட்டி. முடித்துவிட்டு, பேட்ச்சில் இன்னொருத்தியான சுமதியையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். வாசலில் ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வாணியின் வீட்டுக்காரரை நேற்றுதான் முதலில் பார்க்கிறேன். கல்யாணத்துக்கும் போகவில்லை நான்... பெயரைச் சொன்னேன்.

"நீங்கதானுங்களா கவிதா? வாங்க, உக்காருங்க" என்றார். "ஆஸ்பத்திரில மருந்து ஏறிட்டு இருக்குது, அப்பவும் போனையே பாத்துட்டு இருந்தாளுங்க. அத வெய்யி மொதல்லன்னு சத்தம் போட்டேன். 'கவிதாவுக்கு ரிவ்யூ வருதுங் மாமா, பாவம், அவசரமா கேட்டிருக்கா'ன்னா."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சுமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏனுங்க, அது உங்களுக்கு உபயோகமாச்சுங்களா?"

குத்திக் காட்டவில்லை அவர். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆச்சுங்ணா. ரொம்ப உபயோகமா இருந்துச்சுங்க" என்றேன்.

அதை நான் திறக்கவே இல்லை. ரிவ்யூ தள்ளிப் போனது, நானும் மறந்துவிட்டேன். டவுன்லோட் அம்புக்குறி இன்னும் அப்படியே நிற்கிறது.

"அப்படிங்களா... சந்தோஷமுங்க" என்றார். அவ்வளவு நேரம் அழாமல் இருந்தவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

குரூப்பில் நேற்றிலிருந்து பூவும் விளக்கும் கும்பிடுமாக வந்துகொண்டே இருக்கிறது. நான் இன்னும் எதுவும் போடவில்லை. கூசுகிறது.

உன் வீட்டுக்காரர் நான் சொன்னதை நம்பிவிட்டார், வாணி.

போய் வா புள்ள.