தனி நாட்டைத் தட்டச்சு செய்தவள்

என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அவள் வகுப்புக்கென்று ஓர் இணையதளம் தொடங்கினார்கள். தென்னாட்டு வரலாற்றிலிருந்து தலைப்புகளை எழுதிச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார் ஆசிரியை. ஒரு குழுவுக்கு மாமல்லபுரம் வந்தது. பேருந்தில் போய் நாலு படம் எடுத்தால் வேலை முடிந்தது. என் மகளுக்கும் அவள் தோழிக்கும் 'திராவிட நாடு: தனி நாடு கோரிக்கை' என்று வந்தது. அவள் குதித்துக்கொண்டு வந்து காட்டினாள். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

காரணம் இருந்தது. கணவருக்கு அணு ஆராய்ச்சியில் வேலை. கடலோரக் குடியிருப்பில் வீடு. அங்கே யாராவது புதிதாக வேலைக்குச் சேர்ந்தால், ஆள் எப்படி என்று விசாரிக்கப் போலீஸ்காரர் ஒருவர் வந்து அக்கம்பக்கத்தில் கதவைத் தட்டுவார். கல்யாணமாகி வந்த புதிதில், எதிர் வீட்டுக்காரரைப் பற்றி அவர் கேட்டதற்கு, நாங்கள் ரொம்ப நல்லவர்கள் என்று சொல்லி அனுப்பியவள் நான். இப்போது என் வீட்டிலிருந்து, கணவர் பெயரில் உள்ள தொலைபேசி இணைப்பு வழியாக, நாட்டைப் பிரிக்கும் கட்டுரை உலகம் முழுக்கப் போகப்போகிறது. அவருக்குப் பதவி உயர்வு வேறு வர வேண்டியிருந்தது.

அவரிடமே சொன்னேன்.

"கேட்டவங்களே அறுபதுகள்ல விட்டுட்டாங்க. நீ எதுக்கு இப்பப் பிடிச்சுத் தொங்கற?" என்றார், செய்தித்தாளை இறக்காமல்.

தமிழ்த் தட்டச்சு படித்திருந்ததால் பிள்ளைகள் எழுதித் தருவதைக் கணினியில் அடிக்கும் பொறுப்பு என்னுடையது. தோழியின் தாத்தா கருங்குழியில் இருந்தார். இளவயதில் அந்தக் கூட்டங்களுக்குப் போனவர். அவர் சொன்னதை அவள் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு வந்தாள்: "மதுராந்தகம் வரிக்கும் நடந்தே போவோம். பேச்சு கேக்கவே போவோம். தனி நாடு வாங்கிடுவோம்னு நெசமாவே நம்பினோம். கைவுட்டுட்டாங்கன்னு கேட்ட அன்னைக்கு சோறு எறங்கல. அப்பறம் நடவு வந்துச்சு. போயிட்டோம்."

வெள்ளிக்கிழமை பள்ளியில் எல்லாப் பக்கங்களையும் திரையில் காட்டுவார்கள். தாத்தா வருவதாக இருந்தார். வெள்ளைச் சட்டையைத் தோய்த்து வைத்துவிட்டாராம்.

நான் அடிக்க உட்கார்ந்தேன். 'பிரிவினை' என்ற இடத்தில் விரல் நின்றது. 'சற்று விலகி இருத்தல்' என்று அடித்தேன். 'போராட்டம்' என்பதை 'ஆர்வம்' ஆக்கினேன். தாத்தாவின் 'தனி நாடு' என் கையில் 'தனி இடம்' ஆனது. படித்துப் பார்த்தேன். யார் மனமும் நோகாமல், நன்றாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை மாலை இருவரும் திரைமுன் உட்கார்ந்தார்கள்.

"இன்னா ஆன்ட்டி இது?" என்றாள் தோழி. "எங்க தாத்தா படூர்ல மனை வாங்கப் போன மாதிரி கீது."

மகள் இன்னொரு வரியைச் சத்தமாகப் படித்தாள். "'தென்னாட்டு மக்களில் சிலர் சற்று விலகி இருக்க ஆர்வம் காட்டினர்.' ஏம்மா, அவங்களுக்கு அம்மை போட்டிருந்துச்சா?"

"கொஞ்சம் பதமா இருக்கட்டுமேன்னு..."

"அங்கிள புடிச்சுக்கினு போயிடுவாங்கன்னு பயமா ஆன்ட்டி?" என்று தோழி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நாளைக்கு எல்லாரு எதிர்லயும் தாத்தாக்கு நான்தான் படிச்சுக் காட்டணும். நான் இப்படிச் சொல்லவே இல்லையேன்னு கேப்பாரு. வாணாம் ஆன்ட்டி, அவரு பேச்சையே எடுத்துடலாம். வர வாணாம்னு சொல்லிடறேன்."

மகள் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை.

உள்ளேயிருந்து கணவரின் குரல் வந்தது. "போன் என் பேருலதானே இருக்கு? நான் பார்த்துக்கறேன். அடி."

தோழி தாளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, முதலிலிருந்து அடித்தேன். 'பிரிவினை' அடித்தேன். 'தனி நாடு' வந்தபோது ஜன்னல் பக்கம் பார்த்திருப்பேன் போலிருக்கிறது.

"யாரும் வரலம்மா," என்றாள் மகள். "அடுத்த வரிக்கு வாங்க."

மறுநாள் தாத்தா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேத்தி படித்துக்கொண்டே வந்தாள். 'சோறு எறங்கல' என்றதும் அவர் கையைத் தூக்கினார். நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"காலீலதான் எறங்கல," என்றார். "ராவுக்கு மீன்கொழம்பு. அதையும் எழுதிக்கோ."

ஆசிரியை சொல்ல, அன்று மாலை அதையும் நானே அடித்துச் சேர்த்தேன்.

சில மாதங்கள் கழித்து எதிர் வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. பின்னாலேயே போலீஸ்காரரும் வந்தார். உள்ளே வரச் சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனேன். கூடத்துக் கணினியில் காலையில் மகள் பார்த்த அந்தப் பக்கம் திறந்தே இருந்தது நினைவுக்கு வந்தபோது பால் பொங்கிக்கொண்டிருந்தது. ஓடிவந்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, திரைக்கு மிக அருகில் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்.

"அது... பள்ளிக்கூட வேலைங்க. பொண்ணு எழுதினது," என்றேன். தட்டச்சு செய்தது யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"எங்க நைனாவும் இந்தக் கூட்டத்துக்கெல்லாம் போய்க்கினுதாம்மா இருந்தாரு," என்றார். "இன்னும் கீழ கீதா? எப்படிப் போறது?"

கீழே நகர்த்திக் காட்டினேன். மீன்குழம்பு வரை படித்தார். ஆறிய காப்பியைக் குடித்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். எதிர் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் வாசல்வரை ஓடி, கூப்பிட்டு ஞாபகப்படுத்தினேன்.