மூன்று சதவீதத் தப்பு

என் வீட்டுக்காரரை ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ‘பாயின்ட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் புள்ளி வைத்துத்தான் பதில் வரும். காய்ச்சல் எவ்வளவு என்றால் நூறு புள்ளி நான்கு, கடை எவ்வளவு தூரம் என்றால் ஒன்று புள்ளி இரண்டு. இருபத்தொரு வருஷம் இப்படி ஒரு மனுஷனோடு குடித்தனம் நடத்தியவளுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும்.

கண்டக்டிவிட்டி மீட்டர்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. தண்ணீரில் உப்பு ஏற ஏற அதில் மின்சாரம் அதிகமாக ஓடும். எவ்வளவு ஓடுகிறது என்று காட்டுவது இந்த மீட்டர். அது ஒழுங்காகக் காட்டுகிறதா என்று பார்க்க, அளவு தெரிந்த உப்புக்கரைசல் புட்டியில் வரும். அதில் கொஞ்சம் ஊற்றி, மீட்டரின் முனையை முக்கி, அந்த அளவுக்கு மீட்டரைத் திருத்தி, ஸ்டிக்கர் ஒட்டி, சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஊற்றிய கையோடு புட்டி மூடியை இறுகத் திருகிவிட வேண்டும். திருகாதவர்கள் உயிரை வாங்கிவிடுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு வெள்ளிக்கிழமை மூடியைத் திருகாமல் ஓடி வந்தார். காரணம் நான்தான். சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டு வீடெல்லாம் தண்ணீர், உடனே வாங்க என்று போனில் கத்தினேன். பிறகு நாலு நாள் விடுமுறை. புட்டியில் தண்ணீர் ஆவியாகி, கரைசலில் உப்பு கூடிப்போனது. அது தெரியாமல் அதை வைத்தே ஏழு மீட்டர்களைத் திருத்தி அனுப்பிவிட்டார். புதுப் புட்டி திறந்து ஒப்பிட்டபோதுதான் தப்பு தெரிந்தது. ஏழும் உப்பை மூன்று சதவீதம் குறைத்துக் காட்டும்.

அந்த ஏழில் ஒன்று, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் நிலையத்துக்குப் போயிருந்தது. அங்கே தண்ணீர் கெட்டால் நேரே ரத்தத்தில் போய் நிற்கும். மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. ஏழையும் திரும்ப வரவழைக்க வேண்டும் என்று முதலாளியிடம் எழுதியே கொடுத்தார். மூன்று சதவீதத்துக்கு எவனும் சாக மாட்டான், வெளியே மூச்சு விட்டால் வேலை போய்விடும் என்றார் முதலாளி. நானும் அதையேதான் சொன்னேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதீர்கள் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

கேட்டால்தானே! லீவு போட்டுவிட்டுப் புதுப் புட்டியோடு ஸ்கூட்டரை எடுத்தார். தனியாக விட மனசு வராமல் திட்டிக்கொண்டே நானும் பின்னால் ஏறினேன். சாயப்பட்டறையில், இதுக்கா சார் வெயில்ல வந்தீங்க என்று சிரித்தார்கள். தண்ணீர் பாட்டில் கம்பெனியில் மீட்டரைத் தேடி எடுக்கவே அரைமணி ஆனது. திருடன் தானே வந்து ஒப்புக்கொள்கிறான், போலீஸ்காரர் கொட்டாவி விடுகிறார் என்றால் எப்படி இருக்கும்? ஆறு இடத்திலும் அப்படித்தான்.

ஏழாவதாக அந்த நிலையம். அங்கிருந்த டெக்னீஷியன் அலமாரியைத் திறந்து மீட்டரை எடுத்தார். இவர் சுற்றி அனுப்பிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

“அப்போ தண்ணிய எப்படிப் பாக்கறீங்க?” என்றார் இவர்.

“வாயில ஊத்திப் பாப்பேன் சார். கரிச்சா ஃபில்டர மாத்திடுவோம். மீட்டர் இன்ஸ்பெக்‌ஷனுக்குத்தான். ஸ்டிக்கர்ல தேதி இருந்தாப் போதும்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் கையை நீட்டிப் படுத்திருந்தார்கள். இவர் புதுப் புட்டியைத் திறந்தார். மீட்டரை அங்கேயே திருத்தி, தொட்டித் தண்ணீரைப் பிடித்து அளந்தார். இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு காட்டியது. மிஷின்களை நிறுத்தச் சொன்னார். மேனேஜர் வந்து, உங்களை யார் அளக்கச் சொன்னது என்று கேட்டார். இவர் ஒரு சிவப்பு ஸ்டிக்கரில் ‘தண்ணீர் தேறவில்லை’ என்று எழுதித் தொட்டியில் ஒட்டினார். நாங்கள் படி இறங்குவதற்குள் மேனேஜர் அதைக் கிழித்துவிட்டார்.

திங்கட்கிழமை வேலை போனது. புட்டியை மூடாமல் விட்ட கவனக்குறைவுதான் காரணம் என்று கடிதத்தில் இருந்தது. அவரே எழுதிக் கொடுத்த ஒப்புதலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். வேலை போகட்டும், அந்தத் தண்ணீர் நின்றால் சரி என்று இன்ஸ்பெக்‌ஷன் அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். தினமும் தபால்காரர் வரும் நேரம் வாசலில் நின்றார்.

ஐந்தாவது வாரம் பதில் வந்தது. நிலையத்தில் தண்ணீர் முறைப்படி அளக்கப்படுகிறது, புகாரில் உண்மை இல்லை. அத்தாட்சியாக மீட்டரின் சர்ட்டிபிகேட் நகலை இணைத்திருந்தார்கள். கீழே அவருடைய கையெழுத்து.

“நான்தான் போட்டேன்” என்றார்.

வாய்க்கு வந்தபடி எல்லோரையும் திட்டினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

“இது மாதிரி எத்தனை போட்டிருப்பேன்?” என்று கேட்டார்.

எதற்கும் புள்ளி வைத்துப் பதில் சொல்கிறவருக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை.