ஆம் சாந்தி

மருதனார்மடத்தில் இருந்து மரண அறிவித்தல் இணையத்தளம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். பொத்தான்களில் இருக்கும் ‘ஓம்’ பேச்சுத்தமிழாம், ‘ஆம்’ என்று மாற்றச் சொன்னார் முதலாளி. எல்லாக் கோப்புகளிலும் ஒரேயடியாக மாற்றினேன். ஒவ்வொரு கோப்பும் ஏன் மாறியது என்று குறிப்பு எழுதாவிட்டால் மாற்றங்களைத் தளத்தில் ஏற்ற எங்கள் தானியங்கிச் சோதனை விடாது. நூற்றுக்கணக்கில் ஆர் எழுதுவது? ‘குறிப்புத் தேவையில்லை’ என்று போட்டுத் தாண்டிவிட்டேன்.

மறுநாள் புத்தூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

“பிள்ளை, எங்கடை அம்மான்ரை அறிவித்தலிலை ‘ஆம் சாந்தி’ எண்டு கிடக்கு.”

அவர் ஏசவில்லை.

“ஓம் எண்டே போடுங்கோ. ஆர் என்ன கேட்டாலும் அவ ஓம் எண்டுதான் சொல்லுவா.”

எல்லா அறிவித்தல்களிலும் திருத்தினேன். சோதனை மறுபடியும் காரணம் கேட்டது. இந்த முறை கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பெயர்களை வாசித்து எழுதினேன். அந்த அம்மாவின் கோப்புக்கு மட்டும், ‘அவ ஓம் எண்டுதான் சொல்லுவா’ என்று எழுதினேன்.

சோதனை அதை ஏற்றுக்கொண்டது. பச்சை அடையாளத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.